வடிகட்டிய தண்ணீர்

மேல்சித்தாமூரில் முதன்முதல் எனக்குத் தண்ணீர் கொடுத்தவர், அதைக் கொடுப்பதற்கு முன்னால் செய்த காரியத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. விடுமுறைக்கு அம்மாவின் ஊருக்கு வந்தவன், பார்சுவநாதர் கோயில் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, வெயிலில் நடந்து, நாக்கு வறண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு நயினார் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தினார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதன் மேல் ஊற்றினார். இந்த மட்டும் எனக்குப் புரிந்தது. அப்புறம் அவர் துணியை அவிழ்த்து, தலைகீழாகத் திருப்பி, வடிகட்டிய தண்ணீராலேயே அதை அலசி, அந்த அலசல் நீரை வாளியோடு கிணற்றுக்குள் மெதுவாக இறக்கினார்.

"எதுக்குத் தாத்தா அதை மறுபடி கிணத்துல விடறீங்க?" என்று கேட்டேன்.

"அதுங்க வீடு அதுதானே தம்பி" என்றார்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி அது. தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்றுதான் அழைப்பது. பெரும்பாலும் விவசாயிகள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் திருநாதர் குன்றுக்கும் போனால், ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். 57 நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. பிற உயிருக்குத் துன்பம் வரக்கூடாது என்பதைக் கடைசி மூச்சுவரை கணக்குப் பார்த்த மனிதர்கள் வாழ்ந்த சீமை.

பிற்பாடு அம்மாவின் பங்காக எனக்கு அந்த ஊர்ப்பக்கம் ஒன்றரை ஏக்கர் வந்தது. எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. கல்லூரியில் இரண்டு வருஷம் காலம் தள்ளிவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். ஆகவே நிலத்தை அதே நயினாரின் மகனிடம் குத்தகைக்கு விட்டேன். அவருக்கும் இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. தகப்பனாரின் வெள்ளைத் துணி வழக்கம் அவரிடமும் உண்டு. ஆனால் அவருடைய மாட்டுக் கொட்டகையின் மூலையில், மேலே வைக்கோல் போட்டு மூடி, பூச்சிமருந்து டப்பாக்களும் உண்டு. இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தபோது எனக்குக் கதாசிரியப் புத்தி வேலை செய்தது. நல்ல முரண், எப்போதாவது ஒரு கதைக்கு ஆகும் என்று குறித்து வைத்துக்கொண்டேன். குறித்து வைத்ததோடு சரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதம். பக்கத்து வயல்களில் சம்பா அறுப்பு முடிந்து தாளடி கிடந்தது. எங்கள் வயலில் நவரைப் பட்டத்துக்கு நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. ஒரு காலையில் நயினார் டெலிபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, குருத்துப் பூச்சி விழுந்திருக்குது. நடுக்குருத்து காயுது. குருணை மருந்து போடணும்கிறாங்க கடையில. போடட்டுமா?"

அந்த வாரம் நான் ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுக்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி. கொடுத்தால் பின்னால் யார் யார் கதி என்ன ஆகும் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நயினாரிடம், "கடைக்காரர் சொல்கிறதைப் போட்டுவிடுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். இல்லாத பெண்ணுக்கு மூன்று நாள் யோசித்தவன், இருக்கிற வயலுக்கு மூன்று நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துக்காரர்கள் வருவது வழக்கம். அந்த வருஷமும் ஒருவர் வந்திருந்தார். மனைவி, ஒரு பையன், ஒரு நாய், இருநூற்றுக்கு மேல் வாத்து. குருணை தூவிய இரண்டாம் நாள் சாயங்காலம், கிடைக்குத் திருப்புகிற நேரத்தில், மந்தையில் ஒரு பகுதி மடை வழியாக எங்கள் வயலுக்குள் புகுந்துவிட்டது. நின்ற தண்ணீரில் வாத்து அலகை விட்டு அளையும், அல்லவா? சேற்றோடு சேர்ந்து குருணையும் போயிற்று. அன்று இரவுக்குள் 37 வாத்துகள் செத்துப்போயின.

சமாசாரம் கேட்டு மறுநாள் நான் போனேன். வாத்துக்காரர் சண்டைக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நயினார் வீட்டு வாசலில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"ஐயா, வாத்துக்கு ஆவாதுன்னு அந்தப் பையில எழுதியிருந்துச்சுங்களா?"

நயினார் உள்ளே போய், காலிப் பையோடு வந்த துண்டுக் காகிதத்தைக் கொண்டு வந்தார். பல மடிப்பாக மடித்த காகிதம், பல பாஷைகள், கடுகைவிடச் சின்ன எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பகுதியைத் தேடினேன். எழுதியிருந்தது. பறவைகளுக்கும் மீன்களுக்கும் நஞ்சு என்று எழுதியிருந்தது.

"எழுதியிருக்கிறது" என்றேன்.

"அப்ப சரிங்க" என்றார் அவர். எழுதியிருந்ததா என்று கேட்டவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நாங்கள் இருவரும் படிக்கவில்லை. வாத்துக்கு உண்டான பணத்தைக் கொடுத்தேன். முட்டையிடுகிற வாத்துக்கு என்ன விலை போட்டால் ஈடாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் பேரம் பேசவில்லை.

நயினார் அன்று பூராவும் உபவாசம் இருந்தார். இரவு திண்ணையில் படுத்திருந்தபோது தாமாகவே பேசினார்.

"இல்லறத்தான் தொழிலுக்காகச் செய்யற ஹிம்சையை முழுக்க விட முடியாதுன்னு எங்க பெரியவங்களே சொல்லியிருக்காங்க, தம்பி. ஏர் ஓட்டினா புழு சாவும். அது தெரியும். ஆனா கொறைக்க முடிஞ்சதைக் கொறைக்காம விட்டா, அது தொழில் இல்ல, அசட்டை." சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார்: "தண்ணியை நானே வடிகட்டிடறேன். இந்த மருந்தை நான் எப்படி வடிகட்ட? யாரோ படிச்சவங்க, தில்லியில, வடிகட்டித்தானே அனுப்பியிருப்பாங்க? அந்த நம்பிக்கையிலதான் காசு கொடுத்து வாங்கறேன்."

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. பூச்சிமருந்து விஷயத்தில் வடிகட்டுகிற துணி எது, அதைப் பிடித்திருப்பது யார் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நான் விஞ்ஞானி அல்ல. புரிந்த அளவில் சொல்லுகிறேன்.

அந்தத் துணியே ஒரு சாவு வீட்டில் நெய்யப்பட்டது. 1958-இல் கேரளத்தில், உணவுப் பொருள்களும் பாராதயான் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்து, மருந்து கசிந்து கோதுமை மாவில் கலந்துவிட்டது. அதைத் தின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நீதிபதி ஷா விசாரணை நடத்தினார். பத்து வருஷம் கழித்து, 1968-இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. நடைமுறைக்கு வந்தது 1971-இல். அதன்படி ஒரு பதிவுக் குழு பரிசீலித்துப் பதிவு செய்யாமல் எந்த மருந்தையும் இந்த நாட்டில் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. நயினார் சொன்ன 'தில்லி' அதுதான்.

குழுவின் முன்னால் கம்பெனிக்காரர் வைக்க வேண்டிய சோதனைகளின் ஜாபிதாவைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உயிர்களை ஓரறிவு, ஈரறிவு என்று படிப்படியாக வகுத்தது நம் தொல்காப்பியம். சமணர்களும் அப்படியே வகுத்தார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, புழு ஈரறிவு, எறும்பு மூவறிவு, வண்டு நாலறிவு, மீனும் பறவையும் விலங்கும் ஐயறிவு என்பது நயினார் சின்ன வயதில் மனப்பாடம் செய்த படிக்கட்டு. உலகத்து விஞ்ஞானிகள் இந்தக் காலத்தில் போட்டிருக்கிற படிக்கட்டும் ஏறக்குறைய அதேதான். தண்ணீரில் மிதக்கும் பாசி, மண்புழு, தேனீ, மீன், கோழி அல்லது புறா, கடைசியில் எலி. ஒவ்வொரு படியிலும் நின்று, இந்த மருந்து இவனை என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவில் டாப்னியா என்ற நீர்ப்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். கண்ணுக்கு அரும்பாடுபட்டுத் தெரிகிற பிராணி அது. நயினாரின் துணியில் தங்கி, மறுபடி கிணற்றுக்குத் திரும்பிய ஜீவன்கள் அந்த ஜாதிதான்.

சோதனையின் தத்துவம் சிக்கலானதல்ல. விஷம் எவ்வளவு கொடியது என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு போய்ச் சேரும் என்பது மற்றொரு கேள்வி. பிடாரன் கூடையில் இருக்கிற நல்லபாம்புக்கும், அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிற நல்லபாம்புக்கும் விஷம் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. ஆகவே மருந்து மண்ணில் பாதியாகத் தேய எத்தனை நாள் ஆகும், மழையோடு கிணற்றுக்கு இறங்குமா, கொழுப்பில் தங்கி மீனிலிருந்து கொக்குக்கும் கொக்கிலிருந்து குஞ்சுக்கும் போகுமா, சிதைந்த பிறகு பிறக்கிற பிள்ளை தாயைவிடப் பொல்லாததா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய வழக்கப்படி பாசி, நீர்ப்பூச்சி, மீன் ஆகிய மூன்றின் மேல் குறுகிய காலச் சோதனை மாத்திரம் நடந்திருந்தால், அதில் கிடைத்த மிகக் குறைந்த அளவை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். வகுத்து வருகிற தூளளவுதான் தண்ணீருக்குப் பொறுக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட காலச் சோதனைகள் கூடக் கூட அந்த ஆயிரம் நூறாகும், பத்தாகும். நமக்குத் தெரியாததற்கு ஒரு விலை வைத்து அதையும் கணக்கில் கழிக்கிறார்கள். சரித்திரத்தில் மனிதன் தன் அறியாமையைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட இடங்கள் அதிகம் இல்லை.

அப்படியிருக்க, வாத்துகள் ஏன் செத்தன?

முதல் காரணம், துணி சலித்து எடுத்த விஷயம் வயலுக்கு வந்து சேரவில்லை. மருந்து டப்பாவின் மேல் ஒரு சாய்சதுரம் போட்டிருக்கும். கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். சிவப்பு மிகக் கொடியது, பச்சை சாது. எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளட்டும் என்று செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிறத்தைத் தீர்மானிப்பது, சோதனை எலியின் வாய்வழியே போனால் எவ்வளவில் சாகும் என்கிற கணக்கு. அதாவது மனிதனுக்காக வைத்த நிறம். மீனுக்கும் தேனீக்கும் வாத்துக்கும் அங்கே நிறம் இல்லை. அவர்கள் கடுகெழுத்தில் இருக்கிறார்கள். 'நீலம்தானே' என்று ஏரியோரம் தெளித்த மருந்தில் ஏரி மீன் மிதக்கலாம்.

இரண்டாம் காரணம், சோதனை கற்பனை செய்கிற வயல் ஒன்று, நம் வயல் வேறு. இதற்குப் பெரிய சாட்சி காசர்கோடு. அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரையில் எண்டோசல்பானை ஆகாயத்திலிருந்து தெளித்தார்கள். மேடும் பள்ளமுமான மலைப் பிரதேசம், தோட்டத்துக்கு நடுவே வீடுகள், திறந்த கிணறுகள், ஓடைகள், கொட்டுகிற மழை. நீர்நிலைகளுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளவும் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், எந்தப் போர்வையால் ஓடையை மூடுவது? குழந்தைகள் உடல் கோணியும் மூளை வளராமலும் பிறந்த வீடுகளைப் பற்றிய செய்தி நாடெல்லாம் பரவியது. லீலாகுமாரியம்மா என்ற ஒரு சாதாரண வேளாண் துறை ஊழியர் 1998-இல் கோர்ட்டுக்குப் போய்த் தெளிப்புக்குத் தடை வாங்கினார். சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் எண்டோசல்பானை நிறுத்தியது 2011 மே 13-ஆம் தேதி. அதே மருந்து தேய்ந்து பிறக்கிற சல்பேட் என்ற பிள்ளை, தாயைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்பது ஏற்கெனவே ஆராய்ச்சிப் புத்தகத்தில் இருந்த சங்கதி.

பீகாரில் 2013 ஜூலையில் பள்ளிக்கூடத்து மதிய உணவைத் தின்று 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. காலி டப்பா அடுக்களைக்குப் போகும் என்பதை எந்த எலிச் சோதனை சொல்லும்? ஏழை வீட்டில் மூடி சரியாக இருக்கிற எந்த டப்பாவும் காலி டப்பா அல்ல, அது பாத்திரம். நாடு அறிந்து மதிப்பிட வேண்டும் என்று நான் சொல்லுவது இதைத்தான்.

மூன்றாம் காரணம், சங்கிலியில் அடுத்த கண்ணியைப் பார்க்காமல் விடுவது. பூச்சிமருந்து அல்லாத ஓர் உதாரணம் சொல்லுகிறேன். டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை மாட்டுக்குக் கொடுத்தார்கள். மாட்டுக்கு நல்லதே செய்தது. அந்த மாடு செத்தால் அதைத் தின்ன வருகிறவனுக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1990-களிலிருந்து தொடங்கி நம் நாட்டுக் கழுகுகளில் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணம் தெரிந்தது 2004-இல். கால்நடைக்கு அந்த மருந்து நிறுத்தப்பட்டது 2006-இல். பிணந்தின்னிக் கழுகு போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்கள், கிராமத்து எல்லையில் நாறிக் கிடக்கும் மாட்டையும் அதைச் சுற்றிப் பெருகும் நாய்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும்.

எங்கள் வயல் சமாசாரமும் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் கார்போஃபியூரான் குருணையைப் பறவைகள் மணல் என்றோ விதை என்றோ நினைத்துப் பொறுக்கித் தின்று ஏராளமாகச் செத்தன. ஒரு குருணை ஒரு சிறு பறவைக்குப் போதும். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் குருணையின் பெரும்பாலான உபயோகங்களை அங்கே நிறுத்தினார்கள். ஓரிடத்துப் பிணம் மற்றோரிடத்துக்குப் பாடமாவதற்கு எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்! வெளிநாடுகள் சிலவற்றில் தடையோ கட்டுப்பாடோ உள்ள 66 மருந்துகளை இந்தியாவில் மறுபடி சலித்துப் பார்க்க, அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழுவை 2013-இல்தான் அமைத்தார்கள். அதன்மேல் 18 மருந்துகளுக்குத் தடை உத்தரவு வந்தது 2018-இல். ஒருமுறை சலித்தது என்றென்றைக்கும் சலித்ததாகாது. துணியிலும் நாளடைவில் ஓட்டை விழும் என்று ஒப்புக்கொண்ட மட்டில் அது நல்ல காரியம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நயினாரிடம் போய் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். மருந்தே வேண்டாம், விட்டுவிடலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"விட்டுடலாம். பட்டணத்துல அரிசி என்ன விலை, தம்பி?"

சொன்னேன்.

"அது ரெண்டு பங்கு ஆனா வாங்குவீங்களா?"

நான் வாங்குவேன், என் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் வாங்க மாட்டாள். டி.டி.டி.யின் குணத்தைக் கண்டுபிடித்த முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது மலேரியாவிலிருந்து காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல. அதே டி.டி.டி. பறவைகளை என்ன செய்கிறது என்று 1962-இல் ரேச்சல் கார்ஸன் எழுதினார். இரண்டும் உண்மை. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் பார்த்து முடிவு கட்டாதே என்பதும் நயினாரின் மதத்தில் பெரிய கொள்கைதான். மருந்தைப் பற்றிய கேள்வியே 'வேண்டுமா, வேண்டாமா' என்பதல்ல என்று எனக்கு அப்போதுதான் பட்டது. எது, எவ்வளவு, எங்கே, யார் வாய்க்குப் போகும் என்பதுதான் கேள்வி. அதைச் சாவுக்கு முன்னால் கேட்கிறோமா, பின்னால் கேட்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1958-க்குப் பத்து வருஷம் கழித்துச் சட்டம். காசர்கோட்டில் இருபது வருஷத் தெளிப்புக்குப் பின்னால் தடை. எங்கள் வயலில் 37 வாத்துகளுக்குப் பிறகு கண்ணாடி.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. குருத்துப் பூச்சிக்கு முதலில் விளக்குப் பொறியும், முட்டை ஒட்டுண்ணி அட்டையும் வைத்துப் பார்க்கிறார் நயினார். தாங்கவில்லை என்றால் மருந்து. வாங்குவதற்கு முன்னால் அந்தத் துண்டுக் காகிதத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லுகிறார் பேரனிடம். நான் அதைப் பெரிதாக்கி, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை டெலிபோனில் வாசிக்கிறேன். மீன், பறவை, தேனீ என்ற வார்த்தைகள் வந்தால், "இன்னொரு தரம் படிங்க தம்பி" என்பார். என் கதைகளை அவர் ஒருபோதும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இந்தத் தை மாதம் போயிருந்தேன். எங்கள் வயலின் நாலு மூலையிலும் பனை ஓலை செருகியிருந்தது. என்ன என்று விசாரித்தேன்.

"மருந்து போட்டா ஓலை. எடுத்துட்டா வாத்து எறங்கலாம்" என்றார் நயினார். கடுகெழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் பெரிய எழுத்தில் எழுதியது அது.

தூரத்தில், அறுத்த வயலில், அதே வாத்துக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். மந்தை முன்னைவிடச் சிறுத்திருந்தது. வரப்பு வரையில் வந்த வாத்துகளை அவர் ஓலையைப் பார்த்ததும் சத்தம் கொடுத்துத் திருப்பினார். எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலைத்துண்டைச் சரிப்படுத்திக்கொண்டு மேற்கே நடந்தார்.